ஏழுக்கு ஐந்து

ஷோலா சந்தையின் பின்வரிசையில்
அக்லிலுவின் மாவு மில்.
நான் அங்கே கணக்கு எழுதுகிறவன்.
புருவம்வரை மாவு; பென்சில் மட்டும் கறுப்பு.

போன மாதம் ஒரு கணக்குக் கொடுத்தார்.
டெஃப் கிலோ நூற்றைம்பது பிர்,
அரிசி மாவு தொண்ணூறு.
இரண்டையும் கலந்து டெஃப் விலைக்கே விற்க வேண்டும்.
நூற்றுக்கு இருபது லாபம் நிற்க வேண்டும்.
எத்தனைக்கு எத்தனை?

விற்கிற விலையிலிருந்து பின்னால் நடக்க வேண்டும்.
நூற்றைம்பதில் இருபது சதவீதத்தைக் கழித்து
நூற்றிருபது என்று சொல்கிறவனுக்கு
அடுத்த மாதம் சம்பளம் இருக்காது.
லாபம் முதலின் தோளில் ஏறுவது,
விலையின் தோளில் அல்ல.
நூற்றிருபதால் வகுத்து நூறால் பெருக்கினேன்:
நூற்றிருபத்தைந்து, கலவையின் அடக்கம்.

அப்புறம் ஒரு சிலுவை போட்டேன்.
மேலே நூற்றைம்பது, கீழே தொண்ணூறு,
நடுவில் நூற்றிருபத்தைந்து.
குறுக்கே கழிக்க
டெஃப்பின் பக்கம் முப்பத்தைந்து விழுந்தது,
அரிசியின் பக்கம் இருபத்தைந்து.
ஐந்தால் சுருக்கினால்
ஏழுக்கு ஐந்து.

சிலுவையைப் பார்த்த அக்லிலு
பழக்க தோஷத்தில் நெற்றியைத் தொட்டுக்கொண்டார்.

ஏழு நூற்றைம்பது, ஐந்து தொண்ணூறு,
பன்னிரண்டு கிலோவுக்கு ஆயிரத்தைந்நூறு.
ஒரு பிர்கூட உதைக்கவில்லை.
சரியான விடையில் எனக்கொரு சந்தோஷம் உண்டு,
கேள்வி யாருடையது என்று கேட்காத சந்தோஷம்.

மூன்றாம் வாரம் யெஷிமெபெத் வந்தாள்,
நாளைக்கு முந்நூறு இஞ்செரா சுடுகிறவள்.
துணியைப் பிரித்து ஒன்றை விரித்தாள்,
என் பேரேட்டின் மேலேயே.
"கண்ணை எண்ணு."

குமிழ் வெடித்த துளைகளை நாங்கள் கண் என்போம்.
நல்ல மாவு மூன்று நாள் புளித்து
கல்லில் விழுந்ததும் உடம்பெல்லாம் விழிக்கும்.
இதில் பாதி இமை திறக்கவில்லை.
ஓரம் வெடித்திருந்தது.

விளிம்பைக் கிள்ளி வாயில் போட்டாள்.
"பன்னிரண்டில் ஐந்து" என்றாள் மென்றபடி.
"மிஞ்சிப் போனால் ஐந்தரை."

என் காது சுட்டது.
வகுத்தல் இல்லை, சிலுவை இல்லை,
நாக்கு ஒன்றை வைத்துக்கொண்டு
என் பக்கத்துக்கு வந்து சேர்ந்துவிட்டாள்.

அக்லிலு மூட்டைகளுக்குப் பின்னால்
எதையோ தேடப் போய்விட்டார்.
நானே பேரம் பேசினேன்.
அடக்கவிலையை அவள் என் முகத்திலிருந்து படித்திருக்க வேண்டும்;
நூற்றிமுப்பதை விட்டு நகரவில்லை.
இருபது சதவீதம் நான்காக இளைத்தது,
அவளுக்கு மட்டும்.
மற்றவர்களுக்குப் பழைய விலை.
ஒருத்தி வாயை மூடிக்கொள்ள
கிலோவுக்கு இருபது பிர்.

நேற்று புதன், நோன்பு நாள்.
எங்கள் கடிகாரத்தில் மணி ஏழு,
வெயில் உச்சியைத் தாண்டி ஒரு மணி நேரம்.
முனைக் கடையில் ஷிரோ சொன்னேன்.
தட்டில் இஞ்செரா சிவந்து, தடித்து,
கண் தெரியாமல் கிடந்தது.

"யார் சுட்டது?"
"யெஷிமெபெத். கெட்டிக்காரி.
பன்னிரண்டு கிலோவுக்கு இரண்டு கிலோ சோளம் சேர்க்கிறாளாம்.
பசி தாங்கும்."

சோளம் அறுபது பிர்.
தண்ணீரில் விரலை நனைத்து மேசையில் போட்டேன்.
பன்னிரண்டு நூற்றிமுப்பது ஆயிரத்தைந்நூற்று அறுபது,
இரண்டு அறுபது நூற்றிருபது,
பதினாலு கிலோவுக்கு ஆயிரத்து அறுநூற்று எண்பது.
கிலோ நூற்றிருபது!
நான் எழுதாமல் தப்பித்த அதே தப்பான விடை,
அவள் கையில் சரியாக இருந்தது.

இஞ்செராவுக்கு அசல் டெஃப்பின் விலை வாங்குகிறாள்.
நூற்றுக்கு இருபத்தைந்து,
அக்லிலுவைவிட ஐந்து கூட.

ஏழு டெஃப். ஐந்து அரிசி, இரண்டு சோளம்.
ஏழுக்கு ஏழு.

ஈரம் காய்வதற்குள் ஒருமுறை ஒத்திப் பார்த்தேன்.
உதைக்கவில்லை.
ஷிரோ ஆறிக்கொண்டிருந்தது.
மூடிய கண்களின் மேல் ஊற்றித் துடைத்துச் சாப்பிட்டேன்.

இன்னொன்று வைக்கவா என்றான் பையன்.
வை என்றேன்.